பசி திரும்பி வந்தவள்

'பதற்றமில்லாத கை. குத்திய இடம் தெரிந்து குத்திய கை...'

மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டாள், பிரேதப் பரிசோதனை டாக்டர்.

மேஜைமேல் நாற்பது வயதுப் பெண். தொப்புளுக்கு மேலே ஒரே ஒரு ஊசித் தடம்.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்ததுமே கேஸை முடித்துவிட்டார். செத்தவளின் நாத்தனார் நர்ஸ். இரண்டு பேருக்கும் ஆகாது. ஆகவே விஷ ஊசி! நாத்தனார் இப்போது ஸ்டேஷனில்.

"நீங்க ஒரு வரி எழுதினா போதும், டாக்டர். அந்தம்மாவை உள்ளே தள்ளிடுவேன்."

"வயித்தைத் திறக்கறதுக்கு முன்னாடி நான் வாயைத் திறக்கறதில்லை சார்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார்.

திறந்தாள்.

ஊசித் தடத்துக்கு நேர் கீழே, தோலுக்கடியில், பொத்தான் மாதிரி ஒரு மூடி. அதிலிருந்து மெல்லிய குழாய். குழாயின் முனையில்...

சிலிக்கோன் வளையம்!

உடம்பு இளைக்க, இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி மாட்டுவது. மூடி வழியாக ஊசியால் உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும். சாப்பாடு குறையும்.

இது சுற்றி இல்லை. வருஷக்கணக்கில் சுவரை அரித்து அரித்து, இரைப்பைக்குள்ளேயே போயிருந்தது. வயிறெல்லாம் சீழ்.

இதற்கு மேல் விஷம் எதற்கு?

கதவு திறந்தது. டாக்டருடைய கணவர். எடைக் குறைப்பு ஆபரேஷனில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த சர்ஜன்.

வளையத்தைப் பார்த்தார். என்ன அது என்று கேட்கவில்லை.

"பத்து வருஷம் முன்னாடி நான் மாட்டினது. முந்தாநாள் வந்தா. மறுபடி பசிக்குது, வெயிட் ஏறுதுன்னா. லூஸாயிடுச்சுன்னு நெனச்சு..."

"வளையம் உள்ளே போனாலும் பிடி விட்டுப் பசிக்கத்தான் செய்யும். கேமரா விட்டுப் பார்க்காம, இன்னும் இறுக்கிட்டீங்க."

அவர் கதவைச் சாத்தினார்.

கோபம் வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அழுகையும் வரவில்லை. யாரோ ஒருவருடைய கைகளைப் பார்ப்பதுபோலத் தன் கைகளைப் பார்த்தாள். அவை வளையத்தைப் பாட்டிலில் போட்டு மூடிக்கொண்டிருந்தன.

அவர் தாழ்ந்த குரலில் கெஞ்சினார். ஊசித் தடத்தை மட்டும் எழுது என்றார். நாத்தனார் எப்படியும் ஜாமீனில் வந்துவிடுவாள். தன் பெயர் போனால் திரும்ப வராது என்றார்.

"அந்தப் பாட்டிலை உன் பையில போட்டுக்கோம்மா. வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

அவள் பாட்டிலின்மேல் கேஸ் நம்பரை எழுதி, சீல் வைத்தாள்.

"நான் ஆபீஸ் வேலையை வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றதில்லைங்க."