வீட்டு எண் சைபர்

கூட்டுத்தொகை நானூற்றுப் பதின்மூன்று என்று வந்தது. அட்டைகள் இருந்ததோ நானூற்றுப் பன்னிரண்டு. கஸ்தூரிரங்கன் விரலை எச்சில் தொட்டு வாய்விட்டு இரண்டு தரம் எண்ணிவிட்டான். இல்லாத ஓர் ஆளை இயந்திரம் எங்கிருந்தோ பிடித்துச் சேர்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த அந்த ஓட்டு வீட்டில் அவனையும் பியூன் சின்னையனையும் தவிர யாரும் இல்லை. காலையிலிருந்தே விடாத மழை. ஓட்டு இடுக்கில் சொட்டும் தண்ணீருக்கு வாளி வைத்திருந்தது. சூடேறிய எண்ணெய் வாசனையும் நமுத்த காகித வாசனையும் கலந்து, பகலிலேயே விளக்கெரிந்த அந்தக் கூடத்தில், மதராஸிலிருந்து வந்த பீரோ அளவு இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

ஐப்பசிப் புயலுக்குப் பிறகு கடற்கரைக் கொட்டகையில் கிடந்தவர்கள், சாலையோர ஊர்களில் தங்க வைக்கப்பட்டவர்கள், தங்க இடம் கொடுத்த வீட்டுக்காரர்கள் என்று ஆளுக்கொரு அட்டை. அட்டையில் பெயர் கிடையாது. ஊர், தெரு, வீடு, ஆணா பெண்ணா, வயது, எல்லாமே துளைகள்தான். நாளைக் காலை பத்து மணிக்குக் கணக்கு கலெக்டர் ஆபீஸுக்குப் போயாக வேண்டும் என்று அதிகாரி வெங்கடராகவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வழக்கமாக இயந்திரம் கடைசித் தொகையை மட்டுமே அச்சடிக்கும். அது தப்பினால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கம்பிப் பலகையில் நாலு கம்பிகளைப் பிடுங்கி மாற்றிச் செருகினால், ஒவ்வோர் அட்டையும் போகும்போது உள்ளே என்ன எண் நிற்கிறதோ அதை வரி வரியாக அச்சடித்துக்கொண்டே வரும். லிஸ்ட் போடுவது என்பார்கள். எந்த வரியில் பிசகு என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம்.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை அவன் அதைச் செய்யவில்லை. அன்றைக்கும் இதே நானூற்றுப் பதின்மூன்றுதான். கையால் எழுதி வந்த பதிவேடு நானூற்றுப் பன்னிரண்டு என்றது. அடுத்த புயல் வருகிறது, கொட்டகை ஆட்களை ஏற்ற லாரிகள் இந்தக் கணக்குக்காகக் காத்திருக்கின்றன, வெங்கடராகவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். அட்டைக் கட்டைப் புரட்டியபோது ஒன்றில் வீட்டு எண் இருக்க வேண்டிய இடத்தில் சைபர் துளைத்திருந்தது. சைபர் எண் வீடு உலகத்தில் உண்டா? தப்பாகத் துளைத்த அட்டை என்று உருவி ஜேபியில் போட்டுக்கொண்டான். தொகை சரியாக வந்தது. அட்டை மறுநாள் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. அதைப் பற்றி அவன் அப்புறம் நினைக்கவே இல்லை.

இன்று முறைப்படி லிஸ்ட் போட்டான். காகிதம் கடகடவென்று மடிந்து விழுந்தது. நூற்றாறு, நூற்றேழு, நூற்றெட்டு வரை ஒழுங்கு. அதற்குப் பிறகு எந்த அட்டையும் உள்ளே போகாமலே ஒரு வரி.

ஊர் 1. தெரு 0. வீடு 0. பெண். வயது 6.

ஊர் ஒன்று என்றால் மாமல்லபுரத்துக்கு வடக்கே இருந்த கரைக் கொட்டகை. தூசியாக இருக்கும் என்று, துளைகளைத் தொட்டு உணரும் கம்பித் தூரிகைகளைத் துடைத்தான், துளைத் துணுக்குகளை ஊதினான், மறுபடி ஓட்டினான். தொகை அதே நானூற்றுப் பதின்மூன்று. ஆனால் கரைக் கொட்டகை வரிகள் சுத்தமாக இருந்தன. கூடுதல் வரி கீழே இறங்கியிருந்தது.

ஊர் 2. தெரு 0. வீடு 0. பெண். வயது 6.

இரண்டு என்பது பூஞ்சேரி. கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு வரும் சாலையில் முதல் ஊர்.

“இன்னா சாமி, ஒரு மாதிரியா கீறீங்க?” என்றான் சின்னையன். கோவளத்துக்காரன். புயலுக்குப் பிறகு கொட்டகையில் கஞ்சி ஊற்றப் போய், அங்கிருந்து இந்த வேலைக்கு வந்தவன்.

“சின்னையா, கொட்டகைல ஆறு வயசுல ஒரு பொண்ணு இருந்துதா? வீட்டு நம்பர் இல்லாம?”

சின்னையன் வாளித் தண்ணீரைத் தாழ்வாரத்தில் கொட்டிவிட்டு வந்துதான் பதில் சொன்னான்.

“குப்பம்மா சாமி. அப்பன் ஆயி, வூடு, எல்லாத்தையும் மொத புயலு வாரிக்கினு போச்சு. வூடே இல்லாத பொண்ணுக்கு இன்னா நம்பர் போடறது? எழுத வந்த ஆளு ரோசனை பண்ணி சைபர் போட்டாரு. வூட்டுக் கணக்கைக் கூட்டறப்போ அதை வுட்டுட்டாரு போல.”

“இப்ப எங்க இருக்கா?”

“லாரில ஏறப் போச்சு. லாரி லிஸ்ட்டுல நம்பர் இல்லேன்னு கீழ இறக்கிட்டாங்க. பின்னால வர்ற லாரில வரும்னு மொத லாரிக்காரன் நெனச்சிக்கினான். மொத லாரில போயிருக்கும்னு பின்னால வந்தவன் நெனச்சிக்கினான். ராவிக்கு கடலு கொட்டகைக்குள்ள ஏறிக்கினு வந்துச்சு.” துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். “பொணம் கூட கெடைக்கல சாமி. செத்தவங்க கணக்குலயும் அது இல்ல.”

கஸ்தூரிரங்கன் ஸ்டூலில் உட்கார்ந்தான். தான்தான் கொன்றோம் என்பது ஒரே கணத்தில், எந்தச் சந்தேகமும் இல்லாமல் அவனுக்குத் தெரிந்தது. ஒரு காய்ச்சல் போல அது உடம்பெல்லாம் ஏறியது. சின்னையனை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பினான். டீ அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அழுவதை யாரும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

அழுகை வரவில்லை. கை தானாகப் போய் விசையை அழுத்தியது.

ஊர் 3. திருக்கழுக்குன்றம்.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் பார்க்காமல் எப்படி இருப்பது? எங்கே வந்திருக்கிறது என்று தெரியாமல் எப்படி உட்காருவது? இன்னும் ஒரே தடவை என்று ஓட்டினான்.

ஊர் 4. தெரு 3. வீடு 0. பெண். வயது 6.

ஊர் நான்கு செங்கல்பட்டு. தெரு மூன்று, ஏரிக்கரையிலிருந்து ஊருக்குள் நுழையும் தெரு. அடைக்கலம் கொடுப்பதற்காக ஊர் முழுக்க வீட்டுக் கதவுகளில் தாரால் எண் எழுதியிருந்தார்கள். அவனுடையது ஒன்பதாம் தெரு, முப்பத்தொன்றாம் எண். உள்ளே சாவித்ரி. ஆறு வயதுக் கோமளம்.

அவன் இயந்திரத்தை அணைத்தான். உறுமல் அடங்கியதும் மழைச் சத்தம் கூடத்துக்குள் வந்து நின்றது. எண்ணெய் வாசனை குறைந்து, அதன் அடியிலிருந்து வேறொன்று எழுந்தது. உப்பும் அழுகிய பாசியும் கலந்த வாடை, கடலுக்குப் பதினெட்டு மைல் தள்ளி இருக்கும் இந்த ஊரில் வர நியாயமில்லாதது. ஓட்டினால்தான் அது நகர்கிறதா? ஓட்டாவிட்டாலும் நடந்துகொண்டிருக்கிறதா? சுவர்க்கடிகாரத்தில் பத்து நிமிடம் பார்த்தான். பதினொன்றாவது நிமிடம் தாங்க முடியவில்லை.

ஊர் 4. தெரு 9. வீடு 29.

இந்த முறை வீட்டு எண் சைபர் இல்லை. பெண். வயது 6.

இரண்டு வீடு தள்ளி.

ஓடிப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று கால் துடித்தது. தூக்கிக்கொண்டு எங்கே போவது? எந்த ஊருக்குப் போனாலும் அங்கேயும் ஒரு வீட்டு எண் இருக்கும். பெருமாளே, என் குழந்தையை விட்டுவிடு என்று வாய் முணுமுணுத்தது. தொழில் தெரிந்த மூளை இன்னொன்று சொன்னது. பிசகு எங்கே என்று தெரிந்துவிட்டது. உருவியதைத் திரும்ப வை. அவளுக்கு ஓர் இடம் கொடு.

வெற்று அட்டை ஒன்றைத் துளைப்பானில் செருகினான். ஊர் ஒன்று. தெரு சைபர். வீடு சைபர். பெண். ஆறு. அந்த அட்டையைக் கரைக் கொட்டகைக் கட்டுக்குள், அது இருந்த இடத்திலேயே வைத்தான்.

ஓட்டினான்.

அட்டை நானூற்றுப் பதின்மூன்று. தொகை நானூற்றுப் பதின்மூன்று. கூடுதல் வரி எங்குமே இல்லை. இருபத்தொன்பதாம் எண் வீட்டில் அந்த வீட்டுக்காரர்கள் மட்டும். முப்பத்தொன்றாம் எண்ணில் அவன் துளைத்த மூன்று வரிகள்: ஆண் 36, பெண் 28, பெண் 6. காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இப்போது அழுதான். டீயோடு வந்த சின்னையன் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

மடிக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. கரைக் கொட்டகை வரியில் பெண், 6. முப்பத்தொன்றில் பெண், 6. இரண்டுக்கும் நடுவே எந்த வித்தியாசமும் இல்லை. எங்கேயும் பெயர் இல்லை. எது குப்பம்மா, எது கோமளம் என்று சொல்ல வழியே இல்லை.

குடை எடுக்கவில்லை. ஸ்டேஷன் ரோடு, மார்க்கெட், ஒன்பதாம் தெரு. கதவில் தார் எண் மழையில் பளபளத்தது. வாசற்படியிலிருந்து கூடம் வரை தரையில் ஈரம்.

சமையலறையிலிருந்து சாவித்ரி எட்டிப் பார்த்தாள். “ஏன்னா, இப்படியா நனைஞ்சுண்டு வருவா? அப்பாவும் பொண்ணும் ஒரே மாதிரி. நாலு மணிக்கு இவளும் தொப்பலா வந்து நின்னா. எங்கடி போனேன்னா பதிலே இல்லை.”

குழந்தை அவனுக்கு முதுகைக் காட்டி இலை முன் உட்கார்ந்திருந்தது. கோமளத்தின் பச்சைப் பாவாடை. இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தின்றது.

“மூணாவது தடவை சாதம் போடறேன்” என்றாள் சாவித்ரி. “சோறுங்கறா. எங்கேர்ந்து கத்துண்டாளோ.”

“கோமளம்” என்று கூப்பிட்டான்.

திரும்பவில்லை.

“கோமளம்.”

பின்னலில் மணல் ஒட்டியிருந்தது. கழுத்தில் மணல். உட்கார்ந்த இடத்தைச் சுற்றித் தண்ணீர் மெல்லப் பரவி அவன் காலைத் தொட்டது. சில்லென்று இருந்தது.

“வேற யாரோடி இது” என்றான்.

“என்ன உளர்றேள்?” சாவித்ரி குழந்தையின் தலையைத் தடவினாள். கையில் ஒட்டிய மணலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு எதுவுமே வித்தியாசமாகத் தெரியவில்லை.

அப்போது அது திரும்பியது. அவன் பார்த்தே இராத முகம். கறுத்து, உப்பில் ஊறி வெளுத்த உதடுகளோடு, சின்ன முகம். அதில் கோபம் இல்லை. வயிறு நிறைந்த சந்தோஷம்தான் இருந்தது.

“அந்தப் பாப்பா அங்க கொட்டாயில நின்னுகினு கீது நைனா” என்றது. “அழுதுச்சு. பின்னால லாரி வரும்னு சொல்லிட்டு வந்தேன்.”

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கடற்கரைக்குப் போகும் கடைசி பஸ் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. குழந்தை இலையை முன்னால் தள்ளியது. சாவித்ரி சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டாள்.