பாடியவர் பெயர் தெரியவில்லை

அன்று அங்கே இருந்தவர்கள் நால்வர்: கந்தப்புவின் மகன் சபாபதியாகிய நான், என் மகள் சுகந்தினி, மருமகன் லக்ஷ்மன், பாட்டு அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் ஷர்மினி. ஐந்தாவதாக யாரும் படியேறி வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் அதை நடத்துகிறார்கள். காலை பதினொரு மணி இருக்கும். பொத்தானை அழுத்தினால் பழைய இசைத்தட்டுகள் பாடும். சிறு மேடையில் ஏறி நாமும் பாடலாம். லக்ஷ்மன் அதில் ஏறி இடுப்பை ஆட்டினான். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் அப்படி ஆடுவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திருப்பிய பக்கத்தில் ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய கண்ணாடி அறை. கதவில் எழுதியிருந்தது: 'அறுபதுகளின் கித்தார்க் குழு, குளுவாங். பாடியவர் பெயர் தெரியவில்லை.'

"பேரு தெரிஞ்சா மைக்ல சொல்லலாம் அங்கிள்," என்றாள் ஷர்மினி. "நீங்க சொல்றத ஸ்கிரீன் அப்படியே எழுதிக்கும். தெரியாதுன்னு சொன்னா அதையும் எழுதும் லா."

"மாமா அதட்டினா மெஷினே எழும்பி நிக்கும்," என்றான் லக்ஷ்மன்.

"நீங்களும் குளுவாங் ஊர்தானே அப்பா. சும்மா கேட்டுப் பாருங்கோ," என்றாள் சுகந்தினி.

உள்ளே போனேன். கதவு மூடியதும் வேப்பெண்ணெய் நாறியது. புட்டியில் இருக்கும் எண்ணெயின் வாடை அல்ல. யாரோ வாயில் வைத்திருந்து துப்பிய எண்ணெயின் வெதுவெதுப்பான வாடை. காதில் மாட்டிய ஹெட்ஃபோனின் பஞ்சு, ஈர நாக்கைப் போல ஒட்டிக்கொண்டது.

பாட்டு தொடங்கியது. முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. என் அக்கா யோகம்.

விரல் சூப்பும் பிள்ளையின் கட்டைவிரலில் வேப்பெண்ணெய் தடவுவது எங்கள் வீட்டு வழக்கம். அக்கா பாடிய இசைத்தட்டு ஊர்க் கடைக்கு விற்பனைக்கு வந்த அன்று, அப்பா அவளைப் பின்னறையில் பூட்டினார். அதே எண்ணெயை அவள் நாக்கில் தடவச் சொன்னார். தினம் மூன்று வேளை. தடவியவன் நான், எனக்குப் பன்னிரண்டு வயது. அவள் வாந்தி எடுத்தாள். துடைத்துவிட்டு மறுபடி தடவினேன்.

பாட்டு பாதியில் நின்றது.

காதுக்குள் யாரோ குமட்டினார்கள்.

"தம்பி, போதுமடா. தொண்டை எரியுது."

மறுபடியும் அதே குரல்:

"என்ர பேரையாவது சொல்லு."

திரை வெறுமையாகக் காத்திருந்தது. அப்பாவின் கட்டளைப்படி அறுபது ஆண்டுகளாக நாங்கள் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. என் மகளுக்கு அப்படி ஓர் அத்தை இருந்ததே தெரியாது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, "தெரியாது," என்றேன்.

திரையில் எழுத்துகள் வந்தன.

யோகம்.

மைக்கின் பஞ்சிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்து என் கட்டைவிரலில் வழிந்தது. கதவைத் தள்ளி வெளியே வந்தேன்.

சுகந்தினி மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணாடி வழியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யோகம் யார் அப்பா?"

கழிவறைக்குப் போய்ச் சவர்க்காரம் தீரும்வரை கையைக் கழுவினேன். மூன்று மாதமாகிறது, இன்னும் நான் பிசைந்து உண்ணும் சோறு மட்டும் கசக்கிறது.

சுகந்தினி உறவினரிடம் விசாரித்திருக்கிறாள். கித்தார்க்காரனோடு யோகம் சிங்கப்பூருக்கு ஓடிப்போனாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அது பொய். எங்கள் வீட்டுப் பெண் எவளும் ஓடியதில்லை. யோகம் அந்தப் பின்னறையை விட்டு உயிரோடு வெளியே வரவேயில்லை.