மூன்றாம் தட்டு

வெள்ளிக்கிழமை எங்கள் தோல் பதனிடும் ஷாப்புக்கு விடுமுறை. முதலாளி பள்ளிவாசலுக்குத் தயாராவதற்கு முன்பே நாங்கள் நாலு பேர் ஆளுக்கொரு பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏரிக்கரை ஏறிவிடுவோம். ஆம்பூருக்கு மேற்கே உள்ள ஏரி அது. 1927இல் ஐப்பசி மழையில் நிரம்பி, கோடி போய்க்கொண்டிருந்தது. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடக் கரையின் ஒரு மூலையில் கட்டிய கல் மதிலைத்தான் கோடி என்கிறோம். மதிலுக்கு இந்தப்பக்கம் கண்ணாடிபோல் தண்ணீர். அந்தப்பக்கம் இருபதடிப் பள்ளம், கீழே பாறை.

பரிசலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

மூங்கிலைப் பிளந்து ஆறடி அகலத்துக்குக் கூடையாகப் பின்ன வேண்டும். அதன் வெளிப்புறம் தோலைப் போர்த்தி, விளிம்பில் தோல் வாரால் தைத்து, நிழலில் காயவைத்துப் புங்கெண்ணெய் பூச வேண்டும். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். பச்சைத் தோல் என்றால் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் குடித்துத் தொளதொளத்துவிடும். கரையேறிக் கவிழ்த்துக் காயவைக்காமல் மறுபடி ஏற முடியாது. ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய எருமைத்தோல் என்றால் காலை முழுக்கத் தாங்கும். பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. மண்டியிட்டு உட்கார்ந்து, துடுப்பை முன்னால் போட்டுத் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். பக்கவாட்டில் போட்டால் சுற்றும். பெரிய விரால் தூண்டிலில் மாட்டினாலும் சுற்றும். அப்போது எழுந்து நிற்கக் கூடாது. மீன் சுற்றுகிற பக்கம் நாமும் சுற்றிக்கொடுத்தால் அதுவே களைத்துவிடும்.

"கன்னியப்பன் பரிசல் சுத்துற சுத்துக்கு ஏரியில மோர் ஊத்தி வெச்சா வெண்ண எடுத்துடலாம்" என்று என்னைக் கேலி செய்வான் துரைசாமி. அவனும் என்னைப்போலத் தோலில் சவ்வு சுரண்டுகிறவன்தான். வாய் மட்டும் கூடுதல்.

"அவுரு வெண்ணய எடுக்கட்டும், நீ மீன எட்றா மொதல்ல" என்பான் அந்தோணி. சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. எங்களில் இளையவன்.

நாலாவது ஆள் நயீம் அகமது. தோலைத் தரம் பிரிக்கிறவர். தொழுகை நேரத்துக்குள் கரையேறிவிட வேண்டும் என்பதால் யாருக்கும் முன்னால் தண்ணீரில் இறங்கிவிடுவார்.

மழைக்காலத்தில் விடிந்த பிறகும் ஏரிமேல் பனி விலகாது. கை நீட்டினால் விரல் தெரியாது. கோடியின் இரைச்சலில் கூப்பிட்டால் காது கேட்காது. ஆனால் மரத்தில் மரம் தட்டும் ஓசை தண்ணீர்மேல் அரை மைல் போகும். அதனால் துடுப்புக் கட்டையால் விளிம்பைத் தட்டுவோம். ஆளுக்கு ஓர் எண். அந்தோணி ஒன்று. நயீம் பாய் இரண்டு; அவர் இரண்டாவதைக் கொஞ்சம் தாமதித்துத்தான் தட்டுவார். நான் மூன்று. துரைசாமி நாலு. ஒருமுறை நாலும் சுற்றி வந்தால் எல்லோரும் இருக்கிறோம் என்று பொருள். ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரத்துக்குப் பிறகு மறுபடி ஒன்று.

இதில் என் மூன்றுக்குத் தனி வேலை உண்டு. கோடிக்குச் சற்று இந்தப்பக்கம் தண்ணீரில் ஒரு பனைமரத்து அடிக்கட்டை நிற்கிறது. நான் பரிசலை அதில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு மீன் பிடிப்பேன். மற்ற மூவரும் என் தட்டு எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் நகர்வார்கள். மூன்று கிட்டத்தில் கேட்டால் திரும்பிவிட வேண்டும். என்னைத் தாண்டினால் தண்ணீர் இழுத்துக்கொள்ளும்.

அந்த ஐப்பசியில் எனக்கும் துரைசாமிக்கும் பேச்சு நின்றிருந்தது. சூட்டுத் தழும்பு இருந்ததால் கழித்துப்போட்ட எருமைத்தோல் ஒன்று ஷாப்பில் கிடந்தது. அருமையான ஆவாரம்பட்டைத் தோல். எனக்குத் தரச்சொல்லி மேஸ்திரியிடம் இரண்டு மாதமாகக் கேட்டுவந்தேன். துரைசாமி ஒரே நாளில் வாங்கித் தன் பரிசலுக்குத் தைத்துவிட்டான்.

"இன்னாபா, மூஞ்ச ஏன் அப்டி வெச்சினு இருக்க? உன் பரிசலுக்கு அந்தத் தோல் தாங்காது. சுத்தி சுத்தியே தேஞ்சுடும்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஒன்று கேட்டது. இரண்டு கேட்டது.

நான் தட்டவில்லை.

ஒரே ஒரு சுற்றுதான். கொஞ்ச நேரம் தடுமாறட்டும், அப்போதாவது வாய் அடங்கும் என்று துடுப்பை மடியில் வைத்துக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து எனக்கு மிக அருகில் துடுப்பு ஒன்று தண்ணீரை வேகமாக அடிக்கும் சத்தம் கேட்டது. நின்றுவிட்டது. துரைசாமி கோபித்துக்கொண்டு கரைக்குப் போகிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் கோடிக்குக் கீழே பாறை இடுக்கில் அவன் உடலை எடுத்தார்கள். பரிசல் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் மணலில் கவிழ்ந்திருந்தது.

செத்தவன் பரிசலின் தோலைக் கத்தியால் கிழித்துத் தண்ணீரோடு விட்டுவிடுவது எங்கள் வழக்கம். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவன் கூட்டில் என் பழைய தோலைப் போர்த்தி, இரண்டு கீறல் போட்டு, கோடிக்குக் கீழே ஓடும் தண்ணீரில் விட்டேன். அவனுடைய நல்ல தோலைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. அதைப் பிரித்து, தழும்பு இருந்த பக்கத்தை உட்புறமாகத் திருப்பி, என் மூங்கில் கூட்டுக்குத் தைத்துக்கொண்டேன்.

நான் தட்டாததைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகை நடுவில் மறுபடி ஏரியில் இறங்கினோம். மூன்று பேர். பனி அன்றைக்கு ஈரக் கம்பளிபோல முகத்தில் ஒட்டியது. பனைக்கட்டையில் கயிற்றைப் போட்டு முடிந்தேன்.

ஒன்று.

இரண்டு, இரண்டாவது சற்றுத் தாமதித்து.

நான் மூன்று தட்டினேன்.

பிறகு நாலு.

காதில் அல்ல. உள்ளங்காலில்.

நனைந்த தோலைத் தட்டினால் சத்தம் வராது. தோல் தொழிலில் இருக்கிறவனுக்கு இது தெரியும். காய்ந்து இறுகிய தோல்தான் அதிரும். என் காலடியில் இருந்த தோல் காலையிலிருந்து தண்ணீரில் கிடக்கிறது. ஆனாலும் நெருப்பில் காய்ச்சிய பறைபோல அடியிலிருந்து நாலு முறை அதிர்ந்தது. முழங்கால் எலும்பில் அது ஏறியது.

கூடவே ஆவாரம்பட்டை வாசனை. தொட்டியிலிருந்து அப்போதுதான் தூக்கிய தோலின் பச்சை வாசனை.

ஒன்று கேட்டது. இரண்டு கேட்டது. என் கை எழவில்லை. தட்டினால் அடியிலிருந்து பதில் வரும் என்ற பயம். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று கேட்டது.

நான் தட்டவில்லை.

அது கோடிக்கு அப்பாலிருந்து வந்தது. அங்கே தண்ணீர் கிடையாது. மதிலுக்கு அந்தப்பக்கம் வெறும் வெளி. அந்த வெளியிலிருந்து, நான் தட்டுகிற அதே வேகத்தில், அதே அழுத்தத்தில், மூன்று.

காலடியில் நாலு.

அப்போதுதான் புரிந்தது. அந்தோணி என் மூன்றைத் தூரத்தில் கேட்டிருப்பான். இன்னும் இடம் இருக்கிறது என்று முன்னால் வருவான். துடுப்பை எடுத்து விளிம்பில் பைத்தியம்போல அடித்தேன். என் கை அதிர்ந்தது, ஓசை வரவில்லை. சாணியில் அடித்ததுபோல் இருந்தது. "அந்தோணி! வராத!" என்று கத்தினேன். கோடி இரைச்சல் விழுங்கிவிட்டது.

பனிக்குள்ளிருந்து அவன் பரிசல் வந்தது. மிக நிதானமாக, தூண்டில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, என்னைக் கடந்துகொண்டிருந்தான். தண்ணீர் அவனை இழுக்கத் தொடங்கியதை அவன் இன்னும் அறியவில்லை.

துடுப்பை நீட்டி அவன் விளிம்பில் கொக்கிபோல் மாட்டினேன். இரண்டு பரிசலும் ஒரே கயிற்றில் தொங்கின. பனைக்கட்டை முனகியது.

"இன்னாண்ணே! அங்க தட்டிட்டு இங்க எப்டி வந்த?"

"பேசாத. விளிம்ப புடி. எழுந்து நிக்காத."

என் காலுக்கடியில் மூங்கில் பின்னலைத் தள்ளிக்கொண்டு தோல் மேலே புடைத்தது. முதலில் ஓர் உள்ளங்கை அளவு. பிறகு ஐந்து விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அவை மெல்ல நகர்ந்து கயிறு கட்டிய விளிம்பை நோக்கிப் போயின.

கயிற்றின் முடிச்சு தானாகத் தளர்ந்தது.

கயிற்றை விளிம்பிலிருந்து உருவிக் கையில் சுற்றிக்கொண்டு அந்தோணியின் பரிசலுக்குள் விழுந்தேன். திரும்பி, இடுப்பிலிருந்த தோல் கத்தியால் என் பரிசலின் வெளித்தோலை எட்டிய மட்டும் கிழித்தேன். அது தண்ணீர் குடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, எங்களை விட்டு விலகியது. கோடியின் விளிம்பில் ஒரு நொடி நின்றது. நாலு முறை தட்டிவிட்டு விழுந்தது.

கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துப் பனைக்கட்டைக்கு வந்தோம். கரையேறியதும் அந்தோணி பீடி பற்றவைத்தான்.

"உன் மூணு இன்னைக்கும் ரொம்ப தூரமா கேட்டுச்சுண்ணே. துரை போன அன்னைக்கும் அப்டித்தான். நயீம் பாய்கிட்டகூட சொன்னேன், இவுரு இன்னா கோடியத் தாண்டியா ஒக்காந்துனு இருக்காருன்னு."

"அன்னைக்கு என் மூணு கேட்டுச்சா?"

"கேக்காம? நல்லா கேட்டுச்சே."

அன்று நான் தட்டவில்லை. எனக்கு எந்த மூன்றும் கேட்கவும் இல்லை. துரைசாமி சாவதற்கு முன்பே அந்த மூன்று அங்கே இருந்திருக்கிறது. ஓர் எண் காலியாகும் வரைக்கும் அது காத்திருந்திருக்கிறது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் துரைசாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் பெண்டாட்டி எங்கள் தெருவில்தான் இருந்தாள். "கயிறு அறுந்துடுச்சிடா, அதான்" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் பரிசல் கட்டவில்லை. ஆனால் ஏரி கோடி போகும் காலமெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. மதிலின் ஓரத்துக் கல்லில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு, பனி விலகும்வரை என் மூன்றைத் தட்டுவேன். "கன்னியப்பன் மீன் புடிக்கறத உட்டுட்டு மேளம் கத்துக்கறாரு" என்று நயீம் பாய் கேலி செய்வார். தட்டிக்கொண்டே இருந்தால் என் இடம் காலியாகாது. அவ்வளவுதான் கணக்கு. நாலாவதை நான் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. வியாழன் இரவு முழுக்க நினைவில்லை. கண் விழித்தபோது விடிந்து வெகு நேரமாகியிருந்தது. வெளியே பனி. வாசலில் அந்தோணியின் குரல்.

"அண்ணி, அண்ணன் வந்துட்டாரா? கையில முள்ளு ஏறிடுச்சு."

என் மனைவி பட்டம்மாள் அவனை உள்ளே அழைத்து வந்தாள். கட்டைவிரலில் தூண்டில் முள் புதைந்திருந்தது. அதைப் பின்னால் இழுக்கக் கூடாது. முள்ளின் நாக்கு சதையைப் பிய்த்துவிடும். முன்னால் தள்ளி, நுனியை வெளியே கொண்டுவந்து, நாக்கை நறுக்கிய பிறகுதான் உருவ வேண்டும். அதற்குத்தான் என்னிடம் வருவார்கள். படுத்தவாக்கிலேயே அவன் கையை வாங்கினேன்.

"இன்னாண்ணே, ஒடம்பு இப்டி கொதிக்குது? இதோட ஏரிக்கு வந்து தட்டணுமா? எனக்கு முன்னாடி எப்டி வந்து படுத்த?"

"நா எங்கயும் போகலடா."

சிரித்தான். "வெளாடாத. காலைல இருந்து மூணு கேட்டுனே இருக்கு."

பட்டம்மாளைப் பார்த்தேன். நான் வெளியே போகவே இல்லை என்று அவள் தலையாட்டினாள்.

"நயீம் பாய் எங்க?"

"ஏரியிலதான். இன்னைக்கு அண்ணன் நல்லா தள்ளி ஒக்காந்துனு இருக்காரு, எடம் ஜாஸ்தி இருக்குன்னு உள்ள போனாரு."

எங்கள் வீடு கரைக்குக் கீழேதான். ஏரிப் பக்கத்திலிருந்து ஓசை தெளிவாக வந்தது.

ஒன்று.

அந்தோணியின் கை என் கைக்குள் இருந்தது.

"அண்ணே. ஒண்ணு என்னுதாச்சே. யாரு தட்றது?"

எழுந்து ஓடினேன். முள்ளோடு அவனும் பின்னால் ஓடிவந்தான். கரை ஏறுவதற்குள் இரண்டு முறை விழுந்தேன். மேலே வெள்ளைப் பனி, கோடியின் இரைச்சல். என்னிடம் பலகை இல்லை. கல்லெடுத்து மதிலில் அடித்தேன். "பாய்! திரும்புங்க பாய்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தோணியும் கத்தினான்.

பதில் வந்தது. கோடிக்கு அப்பால், வெறும் வெளியிலிருந்து.

ஒன்று.

இரண்டு, இரண்டாவது சற்றுத் தாமதித்து.

அந்தோணி மதிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அடுத்தது என் மூன்று. அதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மூன்று முறை தட்ட எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் எனக்கு இடம் விட்டு அங்கே யாரும் தட்டாமல் இருந்தார்கள்.

பிறகு நாலு.