வாலை வெட்டிய சராசரி

செவ்வாய்க் குடியிருப்பில் ஒருவர் இறந்தால், நெருங்கிய உறவினரின் காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் துயர்மானி நாட்களை எண்ணத் தொடங்கிவிடும். சராசரி மனிதன் தேறும் நாள் வந்ததும் அதுவே துயரை அணைத்துவிட வேண்டும் என்பது புதுச் சட்டம். நினைவு இருக்கும், வலி இருக்காது. அந்தச் சராசரியைக் கண்டுபிடிக்கும் வேலை புள்ளியியல் துறைக் குமுதவல்லியின் தலையில் விழுந்தது.

நாற்பதாயிரம் பேரின் பதிவுகள். பாதிப் பேர் ஒன்பது நாளில் தேறியிருந்தார்கள். மீதிப் பேரில்தான் வம்பு. ஒருவர் மூன்று வருடம், இன்னொருவர் இருபத்திரண்டு வருடம். அப்படி ஒருவரைச் சேர்த்த மாத்திரத்தில் சராசரி எகிறியது. பதிவுகள் கூடக் கூட அடங்கும் என்று பார்த்தால், ஏறிக்கொண்டே போனது. எந்த வளைகோட்டைப் பொருத்தினாலும் அதன் வால், நெடுநாள் தேறாதவர்கள் நிற்கும் கடைசிப் பகுதி, மெலியாமல் நீண்டது. துயருக்குச் சராசரி என்று ஒன்று கிடையாது என அறிக்கை எழுதினாள். எழுதும்போது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. குடியிருப்பின் கூரை வழியே காற்று கசிந்த விபத்தில் ஆறு வயது மகள் தேன்மதியைப் பறிகொடுத்து அவளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு நாள். அந்த வலியையும் பிடுங்கிக்கொண்டால் பிள்ளையின் மிச்சமாக அவளிடம் ஒன்றுமே இல்லை.

இயக்குநர் வேதநாயகம் அறிக்கையை மூடி வைத்தார்.

"இல்லைன்னு சொன்னா சபையில ஒத்துக்க மாட்டாங்கம்மா. ஏதாவது ஒரு நம்பர் வேணும். பூமிக் கணக்குல ஒரு வருஷத்துக்கு மேல போனதெல்லாம் மானிக் கோளாறுன்னு தள்ளிடுங்க."

"நானும் அதுல ஒருத்திதான் சார்."

"தெரியும்மா," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஒரு நாளாவது நீங்க நிம்மதியாத் தூங்க வேணாமா?"

அந்தக் கேள்வியில்தான் அவள் உடைந்துபோனாள். வாலை வெட்டினாள், தன்னையும் சேர்த்து. சராசரி சமர்த்தாகப் பதினெட்டு நாளில் வந்து நின்றது.

சட்டம் முதலில் துறை ஊழியர்களுக்கு, மறுவாரம் மற்றவர்களுக்கு. அமலுக்கு வந்த அன்று மாலை ஐந்து மணிக்கு அவள் காதுக்குப் பின்னால் லேசாகக் குறுகுறுத்தது. அவ்வளவுதான்.

வீட்டில் கணவன் சேந்தன் பிள்ளையின் கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தினமும் இந்த நேரத்தில் இருவரும் சேர்ந்துதான் அழுவார்கள். அவன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.

"வா குமுது. அவளுக்கு மொதப் பல்லு விழுந்தத நெனச்சிட்டிருந்தேன்."

அவளுக்கும் நினைவிருந்தது. எந்தப் பல், என்ன கிழமை என்பதுகூட. பூமியில் மானியும் சட்டமும் இல்லாத காலத்திலேயே, பதினாறாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவிய உறவினர்கள் கேட்டுவந்த கேள்வியைத்தான் அவளும் கேட்டாள்.

"இன்னுமா அழுதுட்டிருக்கீங்க?"