சாய்ந்து கொடுத்த கல்

அது 1936ஆம் ஆண்டு. மல்லசமுத்திரத்தில் செல்லாயி வீட்டு வாசலில் வண்டியில் பானைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை அந்தக் குடும்பம் அயோத்தியாப்பட்டணத்துக்குக் குடிபோகிறது.

செல்லாயியும் அவள் தோழி சௌந்திரமும் புதுக்கிணறு வெட்டிக் கொட்டிய மண்மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் பத்து வயது. நடுவில் ஒரு கல் மினுங்கியது. கண்ணாடிபோலத் தெளிவான கல். கிணற்று மண்ணில் அதைக் கண்டவள் செல்லாயி. தோண்டி எடுத்தவள் சௌந்திரம்.

“நீதான ஊரைவிட்டுப் போற. நீயே வெச்சுக்க.”

“தோண்டுனது நீ புள்ள. எனக்கு வேண்டாம்.”

“அப்ப எனக்கும் வேண்டாம்.”

செல்லாயியின் அண்ணன் அப்புசாமி சுத்தியலோடு வந்தான். “தள்ளுங்க. ஒரே போடு. ஆளுக்குப் பாதி.”

“இருங்கண்ணா,” என்றாள் சௌந்திரம். “மொதல்ல இந்தச் சில்லுல போட்டுப் பாருங்க.”

மண்ணில் அதே கல்லின் சில்லுகள் நிறையக் கிடந்தன. அப்புசாமி ஒன்றின்மேல் ஓங்கிப் போட்டான். அது தூள்தூளாகச் சிதறியது. செல்லாயி பெரிய கல்லை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

சௌந்திரம் யோசித்தாள். பிறகு அப்புசாமியின் பேனாக்கத்தியை வாங்கி, வேறொரு சில்லின் விளிம்பில் குறுக்காக வைத்து மெல்ல அழுத்தினாள்.

சத்தமே இல்லை. கல் உடையவும் இல்லை. ஆனால் இந்தப் பக்கம் சரிந்திருந்த அதன் மூலை, எதிர்ப்பக்கமாகச் சாய்ந்துகொண்டது.

“ஒடையலீங்க, சாஞ்சிருச்சு,” என்றாள் சௌந்திரம். தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

இந்த வகைக் கல்லுக்குள் நுண்ணிய துகள்கள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும். ஓங்கி அடித்தால் கல் சிதறும். பக்குவமாக அழுத்தினால் ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். நகர்ந்த பகுதி, நகராத பகுதியின் கண்ணாடிப் பிம்பம்போல நிற்கும். இப்படி அமைந்ததை இரட்டைப் படிகம் என்பார்கள். அந்தப் பெயர் சௌந்திரத்துக்குத் தெரியாது. சாய்ந்த பகுதிக்கும் சாயாத பகுதிக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று ஓடியதை மட்டும் அவள் கவனித்தாள்.

கோட்டின்மேல் கத்தியை வைத்து லேசாகத் தட்டினாள். சில்லு அந்தக் கோட்டிலேயே பிரிந்தது. இன்னொன்றிலும் செய்து பார்த்தாள். அதுவும் அப்படியே பிரிந்தது.

உடனே பெரிய கல்லை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

“செல்லாயி, இங்க பாரு. இதுலயும் கோடு ஓடுது.”

“இதை ஆரு அமுக்குனாங்க?”

“பூமிதான் அமுக்கியிருக்கும்.”

“இத்தனை பேரு மேல நடக்கறோமே, அமுங்காதா பின்னே?” என்றான் அப்புசாமி.

செல்லாயி கல்லைப் பிடித்துக்கொண்டாள். தவறினால் இருவருக்கும் தூள்தான் மிஞ்சும். சௌந்திரம் கோட்டில் கத்தியை வைத்து மெதுவாகத் தட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி தட்டினாள்.

‘டிக்.’

கல் இரண்டாகப் பிரிந்தது. ஆனால் ஒரு துண்டு பெரிது, ஒன்று சிறிது.

“பெரிசு உனக்கு.”

“இல்ல, உனக்குத்தான்.”

அப்புசாமி தலையில் கைவைத்துக்கொண்டான். “மறுபடியுமா? கண்ணை மூடிட்டு ஆளுக்கொண்ணு எடுங்க.”

இருவரும் கண்ணை மூடினார்கள். சௌந்திரம் தடவிப் பார்த்துச் சிறியதை எடுத்துக்கொண்டாள். செல்லாயியும் சிறியதைத்தான் தேடினாள். பாவம், அவள் கை கொஞ்சம் பிந்திவிட்டது.

“பெரிசு உனக்கு வந்துருச்சு. நான் என்ன பண்ணட்டும்?” என்றாள் சௌந்திரம், ஒன்றும் அறியாதவள்போல.

வண்டி புறப்பட்டது. செல்லாயி கல்லை மடியில் முடிந்துகொண்டு கையசைத்தாள். அவள் பக்கத்தில் அப்புசாமி ஒரு சில்லைக் கத்தியால் அழுத்திக்கொண்டிருந்தான். வண்டி ஏரிக்கரையில் திரும்பும்போது அவன் குரல் கேட்டது:

“ஏ சௌந்திரம், எனக்கும் சாஞ்சிருச்சு!”

சௌந்திரம் சிரித்துக்கொண்டே கரையின் முடிவுவரை வண்டிக்குப் பின்னால் ஓடினாள்.