திரையில் சிவந்த தோல்

எல்லாரும் சௌக்கியமா கண்ணுங்களா? மழ வேற விட்டபாடில்ல, முழங்கால் வலியெல்லாம் எப்படி கீது? சரி, அம்பிகா கதைக்கு வர்றேன்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் அம்பிகாவுக்குக் கண்காணிப்புக் கேமரா படத்தை டிவியில் பார்க்கிற வேலை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், டிவியின் மூலையில் கறை ஒன்று தெரிந்தது. ஊதாவும் பச்சையும் கலந்து, ஆறாத புண்ணில் கட்டிய சீழ் மாதிரி. அது பழைய டியூப் டிவி. ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று முதலாளி நயீம் அகமது விட்டுவைத்தது.

எலெக்ட்ரீஷியன் வசந்த் எட்டிப் பார்த்தான். "யக்கா, டிவி தலமேல இன்னா வெச்சிக்கிற?"

"காந்தம்டா. தோலு டிரம்முக்குள்ள போறதுக்கு முன்னாடி ஆணி பொறுக்குவாங்களே, அது. கீழ வெச்சா எவனாவது தூக்கினு பூடுறான்."

"நல்ல எடம் பாத்த போ! டியூப்புகிட்ட காந்தம் வெச்சா கலரு பூரா பேஜாராயிடும்." அவனே காந்தத்தைத் தூக்கி வெளியே வைத்தான். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, சரியாப் பூடும்." சொல்லிவிட்டுப் பிரியாணிக்கு ஓடினான்.

பாதிப் பேர் தொழுகைக்கும் மீதிப் பேர் சாப்பாட்டுக்கும் போய்விட, திரையில் தெரிந்த டிரம் கொட்டகையில் அவள் புருஷன் ஜெயசீலன் மட்டும் இருந்தான். குரோம் தண்ணீரில் ஊறி நீலமாகிவிட்ட தோல்களை டிரம்மிலிருந்து இழுத்து, சிலதைத் தரையில் குவித்து, சிலதை முதுகுவாட்டில் மடித்துத் தண்ணீர் வடிய மரச்சட்டத்தில் போட்டுக்கொண்டிருந்தான்.

அம்பிகா டிவியை அணைத்து மறுபடி போட்டாள். டொய்ங் என்று உள்ளே அதிர்ந்தது. கறை போகவில்லை. நகர்ந்தது. மூலையிலிருந்து நத்தை போல ஈரமாக வழிந்து, தோல் குவியல் மேல் ஏறியது. அது பட்ட இடமெல்லாம் நீலம் போய் இளஞ்சிவப்பானது, அப்போதுதான் உரித்த மாதிரி. சுண்ணாம்பு வாடையும் அழுகின முட்டை வாடையும் அவளுக்குப் பழகியதுதான், ஆனால் இப்போது அந்தக் கண்ணாடியிலிருந்தே ஒரு வாடை வந்தது, வெதுவெதுப்பாக, கன்று போட்ட மாட்டின் நஞ்சுக்கொடி வாடை. வாயில் உப்பு நீர் ஊறியது. சிவந்த தோலில் மயிர்க்கால்கள் ஒவ்வொன்றாகச் சிலிர்த்தன. பிறகு தோல் மூச்சு விட்டது.

கறை ஜெயசீலனின் முழங்கையைத் தொட்டது. முழங்கை நீலமானது.

போனைப் போட்டாள். "ஏங்க, அந்தத் தோல வுட்டுட்டு வெளிய வாங்க!"

"இன்னாடி, பேயப் பாத்த மாரி கத்துற?"

"டிவியில உங்க கையி நீலமா கீது."

"நீலத் தோலப் புடிச்ச கை வேற எப்படி இருக்கும்? டிவிய மாத்தச் சொல்லு, புருஷன மாத்திடாத." சிரித்தான்.

சிரிப்பு நடுவிலேயே கொழகொழத்தது. திரையில் கறை தோளுக்கு வந்திருந்தது. கழுத்துக்கு. வாய்க்கு.

ஓடினாள். கொழுப்பு வழுக்கும் தரை. காலடியில் சதை ஜவ்வு. நசுங்கியது. ஒட்டியது. ஓடினாள்.

கொட்டகை. டிரம் நின்றிருந்தது.

சொட்டு. சொட்டு.

மரச்சட்டத்தில் ஒரு நீலத் தோல். முதுகுவாட்டில் மடித்து, ஒழுங்காக. இந்தப் பக்கம் ஒரு கை, ஒரு கால். அந்தப் பக்கம் ஒரு கை, ஒரு கால். விரல் நுனிகளில் நீலத் தண்ணீர். ஒரு விரலில் அவள் போட்ட மோதிரம், தொளதொளவென்று.

கீழே இளஞ்சிவப்புக் குவியல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மேலே கிடந்த தோல் மெல்ல அவள் பக்கம் புரண்டது. அதன் நடுவில் ஒரு கிழிசல், எச்சில் நூலோடு திறந்தது.

"அம்பிகா," என்றது ஜெயசீலனின் குரலில். "சாப்டியாடி?"

உங்க வீட்டுப் பழைய டிவியில இப்படி கறை வந்ததுண்டா கண்ணுங்களா? இன்னா கலரு, எங்க போய் ஒட்டிச்சுன்னு கீழ எழுதுங்க. தொட்டு மட்டும் பாக்காதீங்க.