சிங்காநல்லூர்ச் சிலைக்காரன்

இளம்பரிதி தன் சிலைக்கு எதிரே நின்று டீ குடிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. சிங்காநல்லூர் சந்திப்பில் அந்தக் கடை டீக்கு ஈடு கிடையாது. ஆனால் கடைக்காரர் அவனிடம் காசு வாங்க மாட்டார். அதுகூடப் போகட்டும், கிளாஸை நீட்டும்போதே, "ஏனுங்க, வந்துருச்சுங்களா?" என்று விசாரிப்பார். கண்டுபிடிப்பைத்தான் கேட்கிறார். பக்கத்தில் நிற்கிறவர்கள் டீயை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு இவன் வாயையே பார்ப்பார்கள். "இன்னும் இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லி இவனுக்கு நாக்கு தேய்ந்துவிட்டது.

சிலை வைத்தபோது அவனுக்கு வயது பன்னிரண்டு. அறுபதில் எப்படி இருப்பான் என்று கணக்குப் போட்டுச் செதுக்கியிருந்தார்கள்: வழுக்கை, கண்ணாடி, கௌரவமான தொப்பை. இப்போது ஐம்பதைத் தொட்டவனுக்குத் தலை நிறைய முடி, கண் பளிச்சென்று தெரிகிறது, தொப்பையும் இல்லை. சிலையின் வலது கையில் ஒரு உருண்டை. எதைக் கண்டுபிடிக்கப் போகிறான் என்று தெரியாததால் சிற்பி பொதுவாக ஒன்றை வைத்துவிட்டார். ஊரில் பாதிப் பேர் அதைத் தேங்காய் என்றார்கள், மீதிப் பேர் போண்டா என்றார்கள்.

எல்லாம் முளைகாட்டி செய்த வேலை. மோட்டாரும் மாவாட்டும் எந்திரமும் செய்து பேர் வாங்கிய கோயமுத்தூருக்கு, அடுத்த ஆள் யார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. இந்த ஊரில் புதுசாக யோசித்தவர்கள் அத்தனை பேருடைய சின்ன வயசுக் கதைகளையும் தேடிப் பிடித்து ஓர் எந்திரத்துக்குள் கொட்டினார்கள்; அதுதான் முளைகாட்டி. ரேடியோவைப் பிரித்துப் போட்டு அடி வாங்கியவர், எதிர்க்கேள்வி கேட்டு வகுப்புக்கு வெளியே நின்றவர், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நாள் முழுக்க அதன் சக்கரத்தையே பார்த்தவர் என்று எல்லோரும் உள்ளே போனார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் தலையில் ஒரு தொப்பியை மாட்டுவார்கள். அந்தப் பழைய ஆட்களின் சாயல் மூளையில் தென்பட்டால், முளை இருக்கிறது என்று பச்சை விளக்கு எரியும். எரிந்தால் முன்னோடிகள் மன்றத்தின் செலவில் சிலை, பட்டறை, கருவிகள், வாழ்நாள் முழுக்க ராஜ மரியாதை. எரியாத பிள்ளைகளுக்கு, "முளை இல்லை, போய் வரலாம்" என்று ஒரு குரல்.

இளம்பரிதிக்கு எரிந்தது. அவனோடு ஒரே வயிற்றில் கிடந்து, பத்து நிமிஷம் முந்திப் பிறந்ததால் அக்கா ஆகிவிட்ட தேன்மதிக்கு எரியவில்லை.

அன்றைக்கு அவன் துள்ளிக் குதித்தது நிஜம். அதற்கப்புறம் குதிக்க யாரும் விட்டால்தானே! விழுந்து தலையில் அடிபட்டால் ஊருக்கு நஷ்டமாம். மரம் ஏறக் கூடாது, பஸ்ஸில் நிற்கக் கூடாது, வெயிலில் அலையக் கூடாது. தேன்மதியை யாரும் சீந்தவில்லை. அவள் பாட்டுக்கு ஊரைச் சுற்றினாள், சண்டை போட்டாள், துணி நூல் படிப்புப் படித்தாள், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் சேர்ந்தாள். எல்லோரும் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அவனுக்கோ அக்காவைப் பார்த்து வயிறு எரிந்தது.

அவனுடைய பட்டறையில் இல்லாத கருவி கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, அவனும் முயன்று பார்க்காமல் இல்லை. தானாகச் சுருளும் பாய் செய்தான். அது சுருண்டது, ஆனால் ஆள் படுத்திருக்கும்போதே சுருண்டது. அவன் மட்டுமல்ல, ஊரில் சிலை வாங்கிய முப்பது சொச்சம் பேரில் ஒருத்தர்கூட உருப்படியாக ஒன்றும் செய்திருக்கவில்லை. முளைகாட்டி தப்பாகச் சொல்லுமா, காலம் வரவேண்டும் என்று ஊரும் பொறுமையாகக் காத்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேன்மதி கையில் ஒரு துணிச் சுருளோடு பட்டறைக்கு வந்தாள்.

"டேய், இதப் புடி. சன்னல்ல கட்டு. இந்தக் குளிரூட்டிய மொதல்ல நிறுத்தித் தொலை."

கட்டினான். துணியின் கீழ் ஓரத்தை அவள் ஒரு வாளித் தண்ணீரில் நனைய விட்டாள். அறை சூடேற ஏற, துணியில் ஊசிமுனை அளவுக் கண்கள் ஆயிரக்கணக்கில் திறந்துகொண்டன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த ஈரத்துக்குள் புகுந்து சில்லென்று முகத்தில் அடித்தது. அறை குளிர்ந்ததும் கண்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. இரண்டு நூல், ஒன்று சூட்டில் சுருங்கும், மற்றது சுருங்காது, அவ்வளவுதான் சூட்சுமம் என்றாள். மோட்டாரும் கிடையாது, கரண்டும் கிடையாது.

"அக்கா!" அவன் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"ஒண்டிப்புதூர்ல எங்க லைன் வீடு பூராத் தகரக் கூரை. சித்திரை மாசம் மத்தியானத்துல உள்ள கால் வைக்க முடியாது. பக்கத்து வூட்டுக் கைக்கொழந்த போன வருஷம் வெக்கையில செத்துப் பொழச்சுது. இது ஒவ்வொரு சன்னலுக்கும் வேணும்டா. ஆனா மன்றத்து முத்திரை இல்லாம எந்த மில்லுக்காரனும் புதுசா ஒண்ணும் நெய்ய மாட்டான். முத்திரை கேட்டுப் போனா, வாசல்ல இருக்கறவரு என்ன கேட்டாரு தெரியுமா? 'உங்க சிலை எங்கீங்க இருக்குது?'ன்னாரு. இல்லேன்னதும் அப்படியே அனுப்பீட்டாரு."

இளம்பரிதிக்கு அடுத்தது என்ன என்று புரிந்துவிட்டது.

"உன் பேர்ல குடுத்துரு" என்றாள் அவள். "எனக்குத் துணி வந்தாப் போதும். நீயும் எத்தன நாளைக்குத்தான் ஊரு மொகத்துல முழிக்க முடியாம ஒளிஞ்சுட்டு இருப்ப?"

"நெசமாத்தான் சொல்றியா?"

"பின்ன, வெளையாடவா வந்தேன்?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பழைய டீக்கடைக்குப் போனான். "வந்துருச்சுங்களா?" என்ற கேள்விக்கு முதல்முறையாக, "வர்ற மாதிரி இருக்குதுங்க" என்று பதில் சொன்னான். கடைக்காரர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

முத்திரை குத்தும் நாளன்று முன்னோடிகள் மன்றத்தில் கூட்டம் நெரிந்தது. சன்னல்களில் துணி காற்றை வாங்கிக்கொண்டிருக்க, ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மன்றத் தலைவர் மருதாசலத்துக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. முத்திரை குத்துமுன் ஒரு கேள்வி கேட்பது அங்கே வழக்கம். இந்த ஊரின் ஒவ்வொரு கண்டுபிடிப்பும் யாரோ ஒருவருடைய எரிச்சலில்தான் தொடங்கியது என்று பழைய கதைகள் சொல்வதால் வந்த வழக்கம் அது.

"தம்பி, எந்த எரிச்சல்லீங்க இது பொறந்துச்சு?"

அக்கா சொல்லிக்கொடுத்திருந்தாள். "தகரக் கூரை வீட்டுல... மத்தியானம் படுக்க முடியாமங்க..."

"எந்த வீட்டுலீங்க?" மருதாசலம் வெள்ளந்தியாகத்தான் கேட்டார். "உங்களைத்தான் நாங்க வெயிலே படாம வெச்சிருந்தமே?"

இளம்பரிதி யோசித்துப் பார்த்தான். வியர்த்து விழித்த ஒரு மத்தியானம்கூட அவன் நினைவில் இல்லை. கடைசி வரிசையில் தேன்மதி, சொல்லித் தொலைடா என்று கையை ஆட்டினாள். சொந்தத் துணியை இன்னொருத்தன் பேரில் எழுதிக்கொடுக்க அவள் அப்படித் தவிப்பதைப் பார்க்க அவனுக்கு அவமானமாக இருந்தது.

"இது என்னுதில்லீங்க. எங்க அக்காவுது. எனக்கு இந்த முப்பத்தெட்டு வருஷத்துல எரிச்சல்னு ஒண்ணு வர நீங்க விடவே இல்லீங்களே. அவளுக்கு முளை இல்லேன்னு சொல்லி அனுப்புனீங்க. அவதான் வெந்தா, அவதான் யோசிச்சா."

மருதாசலம் எழுந்து, நடுவழியே நடந்து, கடைசி வரிசைக்குப் போய், "அம்மிணி, நீங்க சொல்லுங்க" என்றார். தேன்மதி சொன்னாள். கைக்குழந்தையில் ஆரம்பித்து வாசல்காரர் வரைக்கும் ஒருத்தரையும் விடாமல் சொன்னாள். முத்திரை அவள் பேரில் விழுந்தது. தம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "முட்டாப் பயலே, முட்டாப் பயலே" என்று அவள் அழுதாள். அவனும் அழுதான். அந்தச் சித்திரைக்குள் ஒண்டிப்புதூர்ச் சன்னல்களில் எல்லாம் துணி ஆடியது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மன்றத்தார் நியாயஸ்தர்கள். ஊர்ச் சரித்திரத்தில் சேர்ந்துவிட்ட தேன்மதியின் கதையையும் முளைகாட்டிக்குள் போட்டார்கள். பழைய கதை எதுவும் அதற்கு இனி தேவைப்படவில்லை. அதன் காலத்தில் உண்மையாகவே கண்டுபிடித்த ஒரே ஆள் அவள்தான். அவளிடம் இருந்த அடையாளமும் ஒன்றே ஒன்றுதான். முளைகாட்டி அவளை வேண்டாமென்று ஒதுக்கியிருந்தது.

"ஒதுக்கப்பட்டவர்களிடம் முளை தெரிகிறது" என்று எந்திரம் அறிவித்தது. கூட்டம் கைதட்டியது. அதே மூச்சில், "முளை தெரிந்தால் ஒதுக்க முடியாது, ஒதுக்காவிட்டால் முளை இல்லை, முளை இல்லையென்றால் ஒதுக்க வேண்டும், ஒதுக்கினால் முளை தெரிகிறது" என்று ஓட ஆரம்பித்தது. சூடேறிப் புகை வந்ததும் மின்சாரத்தைப் பிடுங்கினார்கள்.

ஊர் முதல் வாக்கியத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போய்விட்டது.

மறுமாதம் இளம்பரிதி, தன் சிலையை எடுத்துவிடச் சொல்லி மனுக் கொடுக்க டவுன்ஹாலுக்குப் போனான். முளைகாட்டி இருந்த அந்தக் கட்டடத்தைச் சுற்றிப் பிள்ளைகளும் பெற்றவர்களுமாக வரிசை நீண்டு கிடந்தது. எந்திரத்தைச் சரிபண்ணும்வரை நகரமாட்டோம் என்று சோற்று டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு பயிற்சி நிலையத்தின் விளம்பரம்: 'முளை இல்லை எனும் சான்று நிச்சயம்! ஒரே கோடையில் உங்கள் பிள்ளை ஒதுக்கப்படும்!'

ஒரு பெண் அவனை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தாள். பக்கத்தில் அவள் மகள், பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுத்தபடி முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்ணா, உங்களுக்கு உள்ள ஆளுக தெரியுமல்லோ? எப்படியாச்சும் எம்பொண்ண வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்கண்ணா. புண்ணியமாப் போகும்."

"பொண்ண ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போங்கம்மா. யார்கிட்டயும் எதையும் கேக்க வேண்டாம். அதும் பாட்டுக்கு வெளையாடட்டும்."

அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆள் இப்படி விவரமில்லாமல் பேசுகிறாரே என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

"அதெப்படிங்ணா? அப்புறம் அவளுக்கு முளை இருக்குதா இல்லையான்னு எங்களுக்கு யாருங்க சொல்லுவாங்க?"

இவன் பதில் சொல்லுமுன், முன்னால் யாரோ நெருங்கி உட்கார, வரிசை ஒரு அடி நகர்ந்தது. அவள் மகளை இழுத்துக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினாள்.